வெள்ளைச் சாலைகள்

பிரான்சில் மிஷ்லன் வரைபடத்தை மேசையில் விரித்தால் சாலைகள் நிறம் பிரிந்து கிடக்கும். சிவப்பு, பெரிய சாலை, லாரி ஓயாது. மஞ்சள், அதற்கு அடுத்த தரம்; சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கார்கள் போய்வருவது. இவற்றின் இடுக்குகளில், இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகளுக்கு நடுவே நிறம் பூசாமல் விட்ட சாலைகள் எங்கு பார்த்தாலும் ஓடும். ஒரு பண்ணை வீட்டு வாசலைத் தொட்டு, ஓர் ஓடையை இறங்கிக் கடந்து, ஒரு கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி வளைந்து, அடுத்த குக்கிராமத்தில் போய்ச் சேரும். அவசரமுள்ள யாரும் அவற்றில் வருவதில்லை. பிரான்சில் நான் வாழ்ந்த காலத்தில் எனக்கு வாய்த்த நல்ல பொழுதுகளில் பெரும்பகுதி அந்த வெள்ளைச் சாலைகளில் கழிந்தது.

லிமோஜ் பீங்கானுக்குப் பெயர் போன நகரம். பீங்கான் தொடர்பான ஓர் ஆய்வு வேலைக்காகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பிரான்சின் நடுப்பகுதியில், லிமுசன் வட்டாரத்தின் பெரிய நகரம் அது. அடுத்த வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய அப்பாவும் தபால்காரர். அப்பா சைக்கிளில் தபால் கொடுத்தவர், மகன் அஞ்சல் துறையின் மஞ்சள் நிறக் காரில். பழைய சைக்கிள் ஒன்றை நான் வாங்கி வந்து படிக்கட்டில் தூக்கிக்கொண்டிருந்த மாலையில் அவர் கதவைத் திறந்தார். "எந்தப் பக்கம் போவதாக உத்தேசம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வழி நெடுஞ்சாலை. அதைச் சொன்னேன். "உள்ளே வாருங்கள்" என்றார்.

சமையலறை மேசையில் வரைபடம் விரிந்தது. "சிவப்பில் ஏறாதீர்கள். மஞ்சளைக் குறுக்கே கடந்தால் போதும். வெள்ளை கிடைக்கிற இடத்தில் விடாதீர்கள்." பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். சில சாலைகளின் ஓரத்தில் பச்சை வரி இருக்கும். அங்கே காட்சி அழகாக இருக்கும் என்று பொருள். சாலையின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும், அது ஏற்றம். அம்பு ஏறும் திசையைக் காட்டும். ஓர் அம்பு என்றால் நூறு மீட்டருக்கு 5 முதல் 9 மீட்டர் உயர்வு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். "மூன்று அம்பு வந்தால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பார்க்க யாரும் இருக்கவில்லை.

லிமோஜிலிருந்து ஊசெல் போகும் சிறிய ரயில் வியென் ஆற்றை ஒட்டியே போகும். சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்றிக்கொள்ளலாம். சேன்-லெயோனார் தாண்டினால் பள்ளத்தாக்கு குறுகும். பாலங்களும் சுரங்கப்பாதைகளும் மாறி மாறி வரும். எய்முத்தியே என்ற ஊருக்குச் சற்று முன்னால் உள்ள பாலத்தை 1943-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவுப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் கேங்குவான் இந்தக் காடுகளில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர்; போர் முடிந்ததும் லிமோஜ் நகரின் மேயரானார். வெள்ளைச் சாலைகளின் வளைவுகளில், மரத்தடியில், அந்தப் படையில் உயிர்விட்டவர்களுக்கு நட்ட சிறு கற்களைப் பலமுறை பார்த்தேன். காரில் போகிறவர்களுக்கு அவை கண்ணில் படாது.

எய்முத்தியேவில் இறங்கி, பாலத்தைக் கடந்து, வஸிவியேர் ஏரிப் பக்கம் ஏறும் வழிகளில் எதை எடுத்தாலும் முதல் கால் மணி நேரம் மூச்சு வாங்கும். ஊர் ஆற்றங்கரையில் பள்ளத்தில் இருக்கிறது. ஏரி கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில். ஏற்றம் கொடியதாக இராது, ஆனால் நீளமானது. ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும் இருபுறமும் மேலே கூடி நிழல் கட்டும். சாலையின் அகலம் ஒரு டிராக்டருக்குச் சரியாக இருக்கும். நடுவில் கோடு கிடையாது. சில இடங்களில் தாரின் நடுவே புல் முளைத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் காதுக்கு வேலை வந்துவிடும். செயின் பற்களில் விழுந்து எழும் ஒலி, டயருக்கடியில் காய்ந்த இலை நொறுங்கும் ஒலி, வசந்தத்தில் காட்டுக்குள்ளிருந்து குயிலினப் பறவையின் இரட்டைக் கூவல், உயரத்தில் வட்டமிடும் பருந்தின் கீச்சு. வண்டிச் சத்தம் அடங்கினால் ஒரு நிலத்தில் எவ்வளவு கேட்கும் என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது.

சாலையோரக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் குக்கிராமத்தின் பெயர் வரும். நாலு வீடு, ஒரு களஞ்சியம், ஒரு கல் தொட்டி, அவ்வளவுதான் ஊர். அதைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம். செம்பழுப்பு நிற லிமுசன் மாடுகள் நிற்கும். சைக்கிளைக் கண்டால் முதலில் தலை தூக்கிப் பார்க்கும். பிறகு ஒன்று நடக்கத் தொடங்கும், அடுத்தது ஓடும், கடைசியில் மந்தை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நம்மோடு ஓடிவந்து வயலின் மூலையில் நின்றுவிடும். கார் போனால் அவை திரும்புவதேயில்லை. அந்த மாட்டு மந்தை கூடவே ஓடிவருவதில் இருந்த மகிழ்ச்சியை எந்த வேகமும் எனக்குத் தந்ததில்லை.

ஏரி 1950-ல் மோல்த் ஆற்றில் அணை கட்டியதால் உண்டானது. நீர் மின்சாரத்துக்காகக் கட்டினார்கள். சில குடியிருப்புகள் தண்ணீருக்கடியில் போயின. நடுவில் ஒரு தீவு. அதில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்டோ ரோசி, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஸவியே ஃபாப்ருடன் சேர்ந்து வடிவமைத்த கலைமையம் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு கோபுரத்தோடு நிற்கிறது, 1991-ல் திறந்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் கரையெங்கும் விடுமுறைக் கூட்டம். கரையை விட்டு இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறினால் கூட்டத்தின் சுவடே இராது. அங்கிருந்து மில்வாஷ் பீடபூமி தொடங்குகிறது. வியென், வெஸேர், க்ரூஸ் என்று பல ஆறுகள் பிறக்கும் இடம். பாசி படிந்த சதுப்பும், கோடை முடிவில் ஊதாவாகப் பூக்கும் புதரும், கறுத்த ஊசியிலைக் காடும். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு குறைவு. செம்மறி ஆடு மேயும் வெட்டவெளி. ஆள் போகப் போக ஆடும் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு நிதி கொடுத்து மரம் நடச் செய்தது. இன்று பாதிக்கு மேல் காடு; அதில் டக்ளஸ் மரம் ஏராளம். இந்தச் சாலைகளில் அஞ்ச வேண்டிய ஒரே வண்டி அந்த மரத்தை ஏற்றிவரும் லாரிதான். தூரத்தில் அதன் உறுமல் கேட்டதும் நான் சைக்கிளை விட்டு இறங்கிப் புல்லில் ஒதுங்கிவிடுவேன். ஓட்டுநர் கை தூக்கிவிட்டுப் போவார். பிறகு அரை நாளுக்கு வேறு வண்டி வராது.

தண்ணீருக்கு வழி சொன்னவரும் தபால்காரர்தான். பிரெஞ்சுக் கிராமத்தில் கடை இல்லாமல் இருக்கலாம், காப்பிக்கடை மூடிக் கிடக்கலாம், கல்லறைத் தோட்டம் இல்லாமல் இராது. பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்க ஆகாது என்று பலகை இருந்தால் தொடக்கூடாது, இல்லாவிட்டால் நிரப்பிக்கொள்ளலாம். வெயில் காலத்தில் எத்தனையோ ஊர்களில் முதலில் நான் போய் நின்ற இடம் அதுதான். கல்லறைகளுக்கு நடுவே பாட்டிலை நிரப்பும்போது பெயர்களைப் படிக்காமல் இருக்க முடியாது. ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். பீங்கானில் செய்த பூ, பீங்கான் தகட்டில் அச்சிட்ட முகம். லிமோஜ்காரர்கள் தங்கள் இறந்தவர்களுக்கும் பீங்கானே வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் இன்னொரு பாடம். பன்னிரண்டு அடித்ததும் நாடே உட்கார்ந்துவிடும். இரண்டு மணி வரை கடை இல்லை, அஞ்சலகம் இல்லை, மேயர் அலுவலகம் இல்லை. திங்கட்கிழமைகளில் பல ரொட்டிக்கடைகள் திறப்பதேயில்லை. ஆகவே காலையில் கண்ணில் படும் முதல் ரொட்டிக்கடையில் வாங்கி முதுகுப் பையில் செருகிக்கொள்ள வேண்டும். நான் வீட்டிலிருந்து புளிச்சாதமும் கட்டி எடுத்துப்போவேன். அந்த மதிய இரண்டு மணி நேரத்தைப் போல அமைதியான சைக்கிள் நேரம் கிடையாது. மஞ்சள் சாலைகூட அப்போது வெள்ளையாகிவிடும்.

ஜாந்தியு என்ற ஊரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வஸிவியேருக்குக் கிழக்கே, பீடபூமியின் மேல் இருக்கும் சிறு கிராமம். பிரான்சின் ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் உண்டு. பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வீரன், அல்லது சேவல், அல்லது வெற்றுத் தூண். ஜாந்தியுவில் 1922-ல் வைத்தது வேறு. பள்ளிச் சட்டையும் மரச்செருப்பும் அணிந்த அநாதைச் சிறுவன் ஒருவன், கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் முஷ்டியை இறந்தவர்களின் பட்டியலை நோக்கி நீட்டுகிறான். பட்டியலின் கீழே போர் சபிக்கப்படட்டும் என்று பொறித்திருக்கிறது. அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. நெடுங்காலம் அரசுத் தரப்பில் யாரும் அதைத் திறந்து வைக்க வரவில்லை. இன்று ஒவ்வொரு நவம்பர் 11-ம் தேதியும் போரை வெறுப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள். நான் போனபோது சதுக்கத்தில் யாரும் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தேன். அந்த ஊரின் அளவுக்கு அது மிக நீளம்.

அன்று மாலை, அங்கிருந்து திரும்பும் வழியில்தான் அந்த மூதாட்டியைச் சந்தித்தேன். வீட்டுக்கு வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, பாட்டிலை வாங்கி உள்ளே போய் நிரப்பி வந்தார். எந்த நாடு, எங்கே வேலை, இந்தப் பக்கம் எதற்கு என்று வரிசையாகக் கேட்டார். "சாலை அமைதியாக இருக்கிறது, மதாம். அதற்காகத்தான் வருகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் உரித்தார். பிறகு சாலையைக் கையால் காட்டினார். "நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதில் எத்தனை பிள்ளைகள் போவோம் தெரியுமா? மரச்செருப்புச் சத்தம் அந்த மேட்டிலிருந்தே கேட்கும். பள்ளிக்கூடம் இப்போது யாரோ பாரிஸ்காரரின் விடுமுறை வீடு. ஒரு கார் வந்தால் எனக்குச் சந்தோஷம். யாரோ வருகிறார்கள் என்று எழுந்து பார்ப்பேன்."

அதற்குப் பிறகு அந்தச் சாலைகளை நான் பழையபடி பார்க்கவில்லை. எனக்கு வரமாகத் தெரிந்த அமைதி அவருக்கு இழப்பு. இரண்டும் ஒரே சாலையில் இருந்தன. லிமோஜ் திரும்பியதும் அந்தச் சாலைகள் எப்படி வந்தன, ஏன் காலியாயின என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பிரான்சில் இன்று 10 லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கம்யூன்களின் பொறுப்பு. கம்யூன் என்பது அந்நாட்டின் ஊராட்சி. ஏறத்தாழ 35,000 கம்யூன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். நூறு பேர் வாழும் ஊருக்கும் மேயர் உண்டு, அந்த ஊரின் சாலைக்கு அவர் பொறுப்பு. இந்த வலைக்கு அடித்தளம் போட்டது 1836 மே 21-ம் தேதிச் சட்டம். ஊர்களை இணைக்கும் சாலைகளைப் பராமரிப்பதைக் கம்யூன்களின் கடமையாக அது ஆக்கியது. வரி போதாவிட்டால் ஊர்க்காரர்களிடம் உழைப்பாக வாங்கலாம்: 18 முதல் 60 வயது வரை உடல் வலுவுள்ள ஒவ்வோர் ஆணுக்கும், ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வோர் இழுவை மாட்டுக்கும் ஆண்டுக்கு மூன்று நாள் வரை. முடியாதவர்கள் பணமாகக் கட்டலாம். ஏழைகள் உடலால் கட்டினார்கள். இன்று என் டயருக்கடியில் வழுவழுப்பாக ஓடும் தாருக்குக் கீழே கிடக்கும் கல்லை அப்படி உடைத்துக் கொட்டியவர்கள் இந்த ஊர்க் குடியானவர்கள்.

சாலை வந்ததும் அவர்களே அதில் வெளியேறினார்கள். ஜாந்தியு இருக்கும் க்ரூஸ் மாவட்டத்து ஆண்கள் அதற்கு முன்பே கொத்து வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். வசந்தத்தில் கிளம்பிப் பாரிசுக்கும் லியோனுக்கும் நடந்துபோய், வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் குளிர்காலத்துக்கு ஊர் திரும்புவார்கள். மார்த்தன் நாடோ என்ற க்ரூஸ் கொத்தனார் 1830-ல், பதினான்கு வயதில், தகப்பனோடு பாரிசுக்கு நடந்துபோனவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாடு கடத்தப்பட்டு இங்கிலாந்தில் ஆசிரியராக வாழ்ந்தார். தன் வாழ்க்கையை எழுதியும் வைத்தார். ரயில் வந்த பிறகு போனவர்கள் குளிர்காலத்துக்குத் திரும்புவது குறைந்தது. குடும்பமும் பின்னாலேயே போயிற்று. பிறகு 1914 வந்தது. க்ரூஸ் மாவட்டத்தில் 1851-ல் 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 1,20,000-க்கும் குறைவு. மில்வாஷ் பீடபூமியில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 பேர். ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்குப் போட்ட சாலைகளை ஒட்டி இன்று மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் மஞ்சள் சாலை போதுமானதாக இருக்கிறது. வெள்ளைச் சாலையின் அமைதிக்கு வேறு ரகசியம் இல்லை. வடகிழக்கில் மியூஸ் ஆற்றுப் பக்கம் தொடங்கித் தென்மேற்கில் லாந்த் காடுகள் வரை பிரான்சின் குறுக்கே இப்படி ஆள் குறைந்த பட்டை ஒன்று போகிறது. சைக்கிள்காரர்கள் தேடிப் போகும் இடங்களில் பல அந்தப் பட்டைக்குள் இருப்பவை.

போனவர்களின் நாட்டில், போகாமல் இருந்தவர் ஒருவரை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ரெமோன் புலிதோர் 1936-ல் க்ரூஸில், வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவக் குடும்பத்தில் பிறந்தவர். துர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். தலைமை வீரர் அணியும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணியவில்லை. 1964-ல் ஜாக் ஆன்கெத்திலிடம் 55 விநாடியில் தோற்றார். ஆனாலும் மக்கள் வெற்றி பெற்றவரைவிடத் தோற்றவரையே நேசித்தார்கள். பந்தயத்தை விட்ட பிறகும் அவர் சேன்-லெயோனாரில்தான் வாழ்ந்தார். 2019-ல் அங்கேயே காலமானார். அந்த ஊர்க் காப்பிக்கடையில் சைக்கிள் சட்டையோடு நுழைந்தால் அவரைப் பற்றி யாராவது ஒருவர் பேச்சைத் தொடங்காமல் விடமாட்டார். தபால்காரருக்கு அவர் பெயரைச் சொன்னாலே குரல் மாறும். "அவர் கால் இந்த மேடுகளில் வளர்ந்தது" என்பார்.

வேகத்தைப் பெரிதாக நினைக்காத ஒரு பெரியவரும் இந்தக் கதைக்கு வேண்டும். சேன்-எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவி. வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். 1887-ல் சைக்கிளுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பந்தயம் ஓடாமல், ஊரையும் நாட்டையும் பார்க்க சைக்கிளில் போவதை ஒரு வாழ்முறையாகப் பரப்பியவர் அவர். கியர் மாற்றும் வசதி கோழைகளுக்கு என்று பந்தயக்காரர்கள் இகழ்ந்த காலத்தில் அதற்காக வாதாடினார். துர் த பிரான்ஸ் அதை அனுமதித்தது 1937-ல், அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து. அவர் சைவ உணவுக்காரர். அளவுக்கு மீறிக் களைப்படையாதீர்கள், பசி வருமுன் சாப்பிடுங்கள், பெருமைக்காக மிதிக்காதீர்கள் என்ற வகையில் அவர் வகுத்த விதிகளை இன்றைக்கும் பிரெஞ்சுச் சைக்கிள் சங்கத்தினர் மனப்பாடமாகச் சொல்வார்கள். புளிச்சாதத்தைப் பிரித்து ஏதாவது ஒரு தேவாலயப் படியில் உட்காரும்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

வண்டியே வராத பாதை என்று கேட்டால் பிரான்சில் இன்று பலரும் பசுமைவழிகளைச் சொல்வார்கள். பயன்பாடு நின்றுபோன ரயில் தடங்களில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விட்டவை. 1879 வாக்கில் அமைச்சர் ஃப்ரெசினே போட்ட திட்டத்தில் பல சிற்றூர்களுக்கும் ரயில் ஓடியது. பேருந்தும் காரும் வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடிய தடங்களில் முன்னோடியாகப் பசுமைவழி திறந்தது பர்கண்டியில், ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல். அதில் நண்பர் குடும்பத்தோடு போயிருக்கிறேன். ரயில் ஏறிய வழி என்பதால் ஏற்றமே தெரியாது. ஒருபக்கம் திராட்சைத் தோட்டம், மறுபக்கம் மேய்ச்சல், பழைய ஸ்டேஷன்கள் அப்படியே. க்ளூனிக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ரயில் குகை வருகிறது. உள்ளே கோடையிலும் குளிர். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுகிறார்கள். நண்பரின் பெண் குழந்தை, பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றி அதிக நாள் ஆகாதவள், குகையின் மறுமுனை வெளிச்சத்தைப் பார்த்ததும் கத்திக்கொண்டே மிதித்தாள்.

குழந்தைக்கும், சைக்கிளுக்குப் புதியவர்களுக்கும், காரைக் கண்டால் கை நடுங்குபவர்களுக்கும் பசுமைவழிகளைப் போல நல்லது வேறில்லை. பிரெத்தாஞைக் கடக்கும் நாந்த்-பிரெஸ்ட் கால்வாய்க் கரையும் அப்படித்தான். ஆனால் என் மனம் வெள்ளைச் சாலையிடம்தான் இருக்கிறது. பசுமைவழி ஊர்களுக்குப் பின்புறமாகப் போகிறது. வெள்ளைச் சாலை வாசலுக்குப் போகிறது. பீன்ஸ் உரிக்கும் மூதாட்டியை ரயில் தடத்தில் சந்திக்க முடியாது. வெள்ளைச் சாலை இன்னும் யாரோ ஒருவருடைய வீட்டு வழி, அதில் நாம் விருந்தாளி.

அதனால் அதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். கிராமங்களில் வலதுபக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பலகை இல்லாவிட்டாலும் சட்டம் அது. ஒரு டிராக்டர் வலதுபக்கச் சந்திலிருந்து நேராக வெளியே வரும், அவர் நிற்க மாட்டார், நாம்தான் நிற்க வேண்டும். கோடையில் சாலை பழுது பார்க்கும்போது தாரின் மேல் பொடிக் கல்லைத் தூவிவிட்டு எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். இறக்கத்தில் அது வந்தால் பிரேக்கை மெல்லப் பிடித்து நேராகப் போக வேண்டும், வளைவில் சாய்ந்தால் விழுவது நிச்சயம். இலையுதிர் காலத்தில் வேட்டை நடக்கும். பலகையைப் பார்த்தால் வேறு வழி எடுப்பதே புத்தி. பனிமூட்டத்திலும் இருட்டிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். ஊருக்கு வெளியே கார்கள் சைக்கிளை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும் என்பதும் சட்டம். லிமுசனில் பெரும்பாலோர் அதற்கும் மேல் இடம் விட்டுப் போனதை நான் பார்த்தேன். வழியில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டம் இல்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அங்கே கதவைத் திறக்கும்.

நான் லிமோஜை விட்டு வருவதற்குச் சில மாதம் முன்பு, ஏரிக்குப் போகும் வழியில் வழக்கமாக நிற்கும் ரொட்டிக்கடையின் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. கடைக்காரர் ஓய்வு பெறுகிறார், வாங்கி நடத்த ஆள் கிடைக்கவில்லை. ஊர் மேயர் அலுவலக வாசலில் ரொட்டி விற்கும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். காசு போட்டால் சூடாகத்தான் வருகிறது. ஆனால் எந்தப் பக்கம் போகிறாய், மேட்டில் மழை பெய்கிறது, மேற்குப் பக்கமாகப் போ என்று அது சொல்லாது. அதே வட்டாரத்தில் வேறோர் ஊரில் ஊராட்சியே கட்டடம் கொடுத்து ஓர் இளம் தம்பதியை வரவழைத்தது. முன்னறையில் மளிகை, பின்னறையில் காப்பிக்கடை, வெள்ளிக்கிழமை மாலையில் சாப்பாடு. அந்த ஊருக்குச் செல்லும் சாலையில் கோடையில் சைக்கிள்கள் கூடின. ஒரு நாளில் சில காப்பி, சில ரொட்டி, ஓர் அறைவாடகை. அவர்களுக்கு அந்தச் சிறு வரவே பெரிய கணக்கு என்று அந்தப் பெண் சொன்னார்.

பிரான்ஸ் போகிற வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால் பாரிசோடு திரும்பிவிடாதீர்கள். மே, ஜூன், அல்லது செப்டம்பரில் ஒரு வாரம் ஒதுக்குங்கள். சைக்கிளை வாடகைக்கு எடுத்து வட்டார ரயிலில் ஏற்றி, பெயர் கேள்விப்படாத ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குங்கள். வரைபடத்தில் வெள்ளைச் சாலையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய ஊர்ச் சூப்பர்மார்க்கெட்டில் மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், ரொட்டியை அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள், காப்பியை அந்த ஊரில் குடியுங்கள், இரவு அந்த ஊர் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் பேசுங்கள்.